நாள்காட்டியில் நமக்கும் ஒரு சிவப்பு நாள்

(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்னும் சில நாட்களில் புத்தாண்டு பிறக்கிறது. வீட்டுச் சுவரில் புதிய நாள்காட்டி ஏறப்போகிறது. நம் சிவகாசி, நாட்டுக்கே நாள்காட்டி அச்சடித்துக் கொடுக்கும் ஊர். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். அதன்பின் மார்கழி வரை அச்சகங்களில் இரவும் பகலும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாளையும் சிவப்பு மையில் அச்சடிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். தாளை அடுக்கி, தைத்து, அட்டையில் ஒட்டுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ஊருக்கெல்லாம் விடுமுறை நாளைச் சிவப்பாக்கித் தருகிற நம் வீடுகளில், 'இன்று நாங்கள் குடும்பமாக ஓய்ந்திருந்தோம், ஒன்றாக ஓரிடத்துக்குப் போய் வந்தோம்' என்று சொல்ல, கடந்த ஆண்டில் எத்தனை நாட்கள் இருந்தன?

அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கேட்கிறார்கள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்கிறோம். சொல்லும்போதே மனம் குறுகிப் போகிறது. இன்றைய விழாவில் இந்த ஒரு பதிலைப் பற்றித்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

இன்று நாம் சிந்திக்கும் பகுதி லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரம். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் காணாமற்போய், மூன்று நாட்களுக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட நிகழ்ச்சி. வழக்கமாக நாம் சிறுவன் இயேசுவின் ஞானத்தைப் பார்க்கிறோம். அன்னை மரியாவின் தவிப்பைப் பார்க்கிறோம். அந்தப் பகுதியின் முதல் வரியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இயேசுவின் பெற்றோர் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போவது வழக்கம் என்று லூக்கா அங்கே எழுதுகிறார். ஆண்டுதோறும்! ஒருமுறை இருமுறை அல்ல.

அது வசதியான குடும்பமா? அதே அதிகாரத்தில் சற்று முன்னே பாருங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கும்போது, மரியாவும் யோசேப்பும் செலுத்திய பலி பறவைகள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு மோசேயின் சட்டம் தந்த சலுகை அது. அப்படிப்பட்ட தச்சர் குடும்பம், நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு ஆண்டுதோறும் போயிருக்கிறது. சிவகாசியிலிருந்து மதுரைக்கு நடந்து போய், அங்கிருந்து சிவகாசிக்கே திரும்ப நடந்து வந்தால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் போகும் வழி மட்டும். நான்கைந்து நாள் நடை. அத்தனை நாளும் பட்டறையில் உளி ஓய்ந்திருக்கும், கூலி வந்திருக்காது. ஆனாலும் போனார்கள்.

எப்படி முடிந்தது? அதற்கும் லூக்கா ஒரு குறிப்பு விட்டுவைத்திருக்கிறார். மகனைக் காணோம் என்றதும் பெற்றோர் எங்கே தேடினார்கள்? உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும். அவர்கள் தனியாகப் போகவில்லை. ஊரே கூட்டமாகப் போனது. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டாரோடு நடந்து வருவான் என்று நம்பி ஒரு நாள் முழுக்கத் தேடாமலே இருந்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்! ஏழைக் குடும்பத்தின் பயணம் அப்படித்தான் நடந்தது.

அன்பார்ந்தவர்களே, இதை உங்களுக்குச் சொல்லும் முன் எங்கள் பங்கில் நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் ஏற்பாடு செய்தோம். தனிப் பேருந்து பிடித்தோம். தலைக்கு இவ்வளவு என்று கோவிலில் அறிவித்தோம். பேருந்து நிறைந்தது, நாங்களும் மகிழ்ச்சியோடு போய் வந்தோம். அடுத்த வாரம் ஓர் அன்பியக் கூட்டத்தில், பட்டாசு ஆலையில் குழாய் உருட்டும் ஒரு தாய் எல்லாரும் போன பிறகு தயங்கி நின்றார். "சாமி, பிள்ளைக்குக் காய்ச்சல், அதான் வரலைன்னு சொன்னேன்ல, அது பொய் சாமி. நாங்க நாலு பேரு. அவ்வளவு ரூவாய்க்கு நான் எங்க போக?" என்றார். பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல் சொன்னார். உண்மையில் பாவம் எங்களுடையது. பேருந்தின் வாடகையைக் கணக்கிட்டோம். அதில் ஏற முடியாதவர்கள் யார் என்று கணக்கிடவில்லை.

அதே அன்பியத்தில் இன்னொரு சகோதரி இருக்கிறார். விபத்தில் கணவரை இழந்தவர். நம் பகுதியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை மறக்காத ஊர் இது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வீடுகளில் இருள் விழுந்திருக்கிறது. அந்தச் சகோதரி ஒருநாள் சொன்னார்: "குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு ஒவ்வொரு சீசனுக்கும் சொல்லுவாரு சாமி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே போயிருச்சு." பணமில்லாத குறை ஒன்று. பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்த ஒரு நாளைக்கூட நினைவில் எடுத்துப் பார்க்க வழியில்லாத குறை இன்னொன்று. இரண்டாவது குறை முதலாவதைவிடப் பெரியது என்பதை அவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

சிலர் கேட்கலாம்: "சாமி, தீபாவளி முடிந்ததும் ஆலைகள் வாரக்கணக்கில் மூடித்தானே கிடக்கின்றன? மழை பெய்தால் வேலை இல்லையே? எங்களுக்கு விடுமுறைக்கா பஞ்சம்?" வேலை இல்லாத நாளும் விடுமுறை நாளும் ஒன்றல்ல, சகோதரர்களே. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், நவம்பர் முதல் மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. அதை யாராவது விடுமுறை என்று சொன்னோமா? அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓய்வு என்பது பயமில்லாத நாள். 'இன்று நான் உழைக்கவில்லை, ஆனாலும் என் குடும்பம் உண்ணும்' என்ற நிம்மதி இருக்கிற நாள். இஸ்ரயேல் மக்கள் எகிப்தில் செங்கல் அறுத்தபோது இல்லாத அந்த நாளைத்தான் ஆண்டவர் அவர்களுக்கு ஓய்வுநாளாகக் கொடுத்தார்.

ஆண்டவர் கட்டளையை மட்டும் கொடுக்கவில்லை, வழியையும் காட்டினார். வீட்டுக்குப் போய் விவிலியத்தில் இணைச்சட்டம் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தனியே எடுத்து வைக்க வேண்டும். எதற்காக? ஆண்டவர் தேர்ந்துகொள்ளும் இடத்துக்குக் குடும்பத்தோடு போவதற்காக. வழி தூரமாக இருந்தால் விளைச்சலைப் பணமாக்கிக் கையில் முடிந்துகொண்டு போகலாம். போன இடத்தில் மனம் விரும்பியதை வாங்கி, ஆண்டவர் திருமுன் வீட்டாரோடு உண்டு மகிழலாம். அதோடு லேவியரைக் கைவிடக் கூடாது என்கிறது அந்த அதிகாரம். 16ஆம் அதிகாரம் இன்னும் விரிவாக, மகன், மகள், பணியாளர், அந்நியர், அநாதை, கைம்பெண் எல்லாரும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது.

இதில் மூன்று காரியம் இருக்கிறது. முதலில் சேர்த்து வை, பிறகு போ. கடன் வாங்கிப் போ என்று அங்கே சொல்லவில்லை. இரண்டாவது, மகிழ்ச்சிக்காகச் செலவிடுவது பாவமல்ல. அதுவும் ஆண்டவர் திருமுன் நடக்கும் காரியம். மூன்றாவது, உன்னோடு வர முடியாதவரையும் கூட்டிக்கொண்டு போ.

அந்த அன்பியத்தில் இதைச் செய்து பார்த்தோம். பதினான்கு குடும்பங்கள். ஒரு தகர உண்டியல் வாங்கி அன்பியப் பொறுப்பாளர் வீட்டில் வைத்தோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவரவரால் முடிந்ததைப் போடுவது. 20 ரூபாய் போட்டவர்கள் உண்டு, 50 ரூபாய் போட்டவர்கள் உண்டு, ஒன்றுமே போட முடியாத வாரங்களும் உண்டு. யார் எவ்வளவு என்று எழுதக் கூடாது என்பது மட்டும் விதி. செப்டம்பரில் ஆரம்பித்தோம். மழைக்காலத்தில் உண்டியல் சத்தமே எழுப்பவில்லை. பொங்கலுக்குப் பிறகு மெல்ல நிறைந்தது. ஜூலையில் உடைத்தபோது எல்லாருக்கும் போதுமானது இருந்தது.

சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடித்து, ஞாயிறு காலை கிளம்பினோம். மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் பயணிகள் ரயில். முன்பதிவு கிடையாது. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று ஜன்னலில் மேற்கு மலை கூடவே வந்தது. தென்காசியில் இறங்கிக் குற்றாலத்துக்கு நகரப் பேருந்து. புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல், சாத்தூர் சேவு எல்லாம் வீட்டிலிருந்தே வந்திருந்தன. ஐந்தருவியிலும் பேரருவியிலும் தண்ணீருக்கு ஏது விலை? பணக்காரன் தலையிலும் ஏழை தலையிலும் ஒரே வேகத்தில் விழுகிறது.

எங்களோடு வந்தவர்களில் அறுபதைக் கடந்த ஒரு பாட்டி. சிறுவயதில் அவருக்குப் பள்ளி விடுமுறை என்றால் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிற காலம். ரயில் ஏறினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும் அருவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தண்ணீரைவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்றார். காய்ச்சல் என்று பொய் சொன்ன அந்தத் தாயின் பிள்ளைகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவரை இழந்த சகோதரி சற்று நேரம் தனியாக நின்று அருவியைப் பார்த்தார். பிறகு தன் மகனையும் மகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எத்தனையோ திருப்பயணங்களை நடத்தியிருக்கிறோம். திருப்பயணம் என்றால் என்ன என்று அன்றுதான் கொஞ்சம் புரிந்தது.

அன்பார்ந்தவர்களே, இனி வீட்டுக் கணக்கு. மறையுரையில் கணக்கா என்று நினைக்காதீர்கள். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று கேட்டவர் நம் ஆண்டவர்தான்.

சுற்றுலா போக 10,000 ரூபாய் கடன் வாங்குகிறோம் என்று வையுங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600. நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 6,000. முதல் அப்படியே நிற்கும். மலையில் இரண்டு நாள் குளிர்ந்துவிட்டு வந்து, ஆண்டு முழுவதும் தவணைக்காரர் வரும் நேரத்தில் வியர்க்கிறோம். அதையே திருப்பிப் போடுங்கள். வாரம் 50 ரூபாய் சேர்த்தால் 52 வாரத்தில் 2,600 ரூபாய். வாரம் 20 ரூபாய் என்றால் 1,040. இந்தப் பணத்துக்குள் போய் வர முடிகிற தூரத்துக்குப் போவோம். நகையை அடகு வைத்துப் போகிற பயணத்தில் பிள்ளை சிரிப்பான். பெற்றோர் மனதில் வட்டி ஓடும். அந்த வித்தியாசம் பிள்ளைக்கும் தெரியும்.

நமக்கு இருக்கிற சலுகைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 மே 8 முதல் தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம்; முன்பதிவில்லாப் பெட்டியில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரைக் கட்டணம்.

எங்கே போவது? விருதுநகரில் கர்மவீரர் காமராசர் வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1903 ஜூலை 15 அன்று பிறந்து, ஆறாவதோடு படிப்பை நிறுத்தி, நம் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சோறு போட்ட மனிதர். அந்தச் சின்ன வீட்டைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மதுரையில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணை இருக்கிறது. காமநாயக்கன்பட்டிக்குப் போனால் பரலோக மாதாவையும் பார்க்கலாம், வீரமாமுனிவர் நடமாடிய மண்ணையும் மிதிக்கலாம். தூத்துக்குடிக்குப் போனால் பனிமய மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடலையும் பார்க்கலாம். திருவிழா நாட்களில் கூட்டமும் விலையும் ஏறியிருக்கும். பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5, பரலோக மாதாவுக்கு ஆகஸ்ட் 15. வேறொரு சாதாரண நாளில் போனால் அம்மாவோடு கொஞ்சம் அமைதியாகப் பேசலாம்.

இன்னும் ஒன்று. கூட்டமான இடத்துக்குப் போகும்போது பிள்ளையின் கையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அருவியில் தண்ணீர் கூடி, குளிக்க வேண்டாம் என்று காவலர் சொன்னால் வாதாடாமல் வெளியே வந்துவிடுங்கள். மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் பட்ட தவிப்பு நமக்கு வேண்டாம்.

நம் நடுவில் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடமும் ஒரு வார்த்தை. தொழிலாளியின் விடுமுறை முதலாளி போடுகிற பிச்சை அல்ல. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே, ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று வகுத்தது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1981 செப்டம்பரில் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வார ஓய்வோடு ஆண்டுக்கொரு நீண்ட ஓய்வும் உழைப்பவரின் உரிமை என்று தெளிவாகக் கூறினார். பிரான்ஸ் நாட்டில் 1936ஆம் ஆண்டுதான் எல்லாத் தொழிலாளருக்கும் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் வந்தது. விடுப்பில் போகும் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்தார்கள். அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைப் பார்த்தன. சட்டமும் சலுகையும் சேர்ந்தால் ஏழையும் கடலைப் பார்க்கலாம். பீஸ் ரேட்டுக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் உழைக்கிற நம் மக்களில் பலருக்கு இந்த உரிமை இன்னும் ஏட்டோடு நிற்கிறது. உங்களிடம் வேலை செய்கிறவர் ஒரு நாள் தன் பிள்ளைகளோடு இருக்க, கூலி குறையாமல் விடுங்கள். அலுமினியத் தூள் ஒட்டிய அந்தக் கைகள் ஒரு நாளாவது கழுவப்பட்டு, பிள்ளையின் கையைப் பிடிக்கட்டும். களைப்பாறி வந்த கை வெடிமருந்தின் அருகே கவனத்தோடும் இருக்கும்.

எங்கும் போகவே முடியாத நிலையில் இருக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் நோயாளி இருக்கலாம். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கலாம். மனம் தளராதீர்கள். மக்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் சீடர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாமல் போனபோது, தனிமையான ஓரிடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கும்படி இயேசு அழைத்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவர் காட்டிய இடம் ஆளில்லாத ஒரு கரைதான். மாலையில் மொட்டை மாடியில் பாய் விரித்து, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே தட்டில் பிசைந்து உருட்டிக் கொடுங்கள். உங்கள் சிறுவயதுக் கதையைச் சொல்லுங்கள். அதுவும் ஆண்டவர் திருமுன் உண்டு மகிழ்வதுதான்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இந்தப் புத்தாண்டில் ஒரு சின்னக் காரியம் செய்வோம். புதிய நாள்காட்டியைச் சுவரில் மாட்டும்போது, குடும்பமாக உட்கார்ந்து ஒரு நாளைத் தேர்ந்தெடுப்போம். பிள்ளையின் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து அந்த நாளை வட்டமிடச் சொல்வோம். பக்கத்தில் ஓர் உண்டியல் வைப்போம். ஜனவரி முதல் சனிக்கிழமையே முதல் நாணயம் விழட்டும். அந்த நாளில் நம்மோடு யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பக்கத்து வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம். பிள்ளைகள் கேட்டால், "அடுத்த வருஷம்" என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டத்தைக் காட்டினால் போதும்.

மன்றாடுவோம். எருசலேமுக்கு வழிநடந்த திருக்குடும்பமே, எங்கள் வீடுகளோடும் வழி நடந்தருளும். எங்கள் உழைப்புக்குப் பாதுகாப்பும், எங்கள் களைப்புக்கு ஓய்வும், எங்கள் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான நினைவுகளும் கிடைக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். கடன் சுமையால் தவிப்போர், விபத்தில் உறவுகளை இழந்தோர், வேலையின்றி வாடுவோர் அனைவரையும் இறைவன் தம் கரத்தில் ஏந்திக்கொள்வாராக. ஆமென்.